நைட்ராக்ஸ்: காசுக்கும் மெனக்கெடலுக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது?

#1 கடற்பாசி_புதுவை

ஸ்கூபா டைவிங்கில் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்ட் என்ற முதல் இரண்டு கோர்ஸும் முடித்தாயிற்று. பிப்ரவரியில் மாலத்தீவு லைவ்அபோர்ட் (படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணம்), ஆறு நாள், தினமும் மூன்று அல்லது நான்கு டைவ். படகில் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் விகிதம் கூட்டிய மூச்சுக்காற்று) இலவசம், ஆனால் சான்றிதழ் இல்லாதவர்களுக்குத் தரமாட்டார்கள். கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா? "டேங்க் ரொம்ப நேரம் வரும், இன்னும் ஆழம் போகலாம், களைப்பே தெரியாது" என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மூன்றும் சரிதானா?

#2 பார்_கணக்கு

மூன்றுமே தப்பு. ஆனாலும் கோர்ஸ் எடுங்கள், காரணம் வேறு.

முதலில் டேங்க். மூச்சை இழுக்கத் தூண்டுவது உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் காற்றில் உள்ள 21 சதவீதமா, நைட்ராக்ஸின் 32 சதவீதமா என்று பார்த்து நுரையீரல் சிக்கனம் பண்ணாது. வழக்கமான அலுமினியம் 80 டேங்கின் உள்கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட மேற்பரப்புக் காற்றழுத்தம்) 2,220 லிட்டர். 50 பார் ரிசர்வ் கழித்தால் 1,665. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அழுத்தம் 4 பார் ஆகும் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார், 21 நிமிடத்தில் தீர்ந்தது. உள்ளே காற்று இருந்தாலும் நைட்ராக்ஸ் இருந்தாலும் அதே 21.

ஆழம் கூடாது, குறையும். ஆக்சிஜன் நஞ்சாகாமல் இருக்க அதன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டால், 1.4-ஐ ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்குங்கள். 32 சதவீதத்துக்கு 33.7 மீட்டர். 36-க்கு 28.8. சாதாரணக் காற்றுக்கு 56 சொச்சம். எனவே "ஆழமாகப் போக நைட்ராக்ஸ்" என்று சொல்பவரிடம் கோர்ஸ் எடுக்காதீர்கள்.

களைப்பு விஷயத்தில், 2003-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று 11 டைவர்களை தண்ணீர் இல்லாத அழுத்த அறையில் 18 மீட்டர் அழுத்தத்துக்கு இறக்கி, காற்று, 36 சதவீத நைட்ராக்ஸ் இரண்டையும் எது எதென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தது. களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

உண்மையில் கிடைப்பது ஒன்றுதான்: நைட்ரஜன் குறைவாக ஏறும். 22 மீட்டரில் காற்று என்றால் நைட்ரஜன் அழுத்தம் 2.53 பார், 32 சதவீதக் கலவையில் 2.18. உடம்புக்கு அது 17.5 மீட்டரில் காற்று சுவாசிப்பது போல. பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் ஆர்டிபி டைவ் அட்டவணையில் 22 மீட்டருக்கு நோ-டெகோ (நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்காமல் நேராக மேலே வரக்கூடிய நேரம்) 37 நிமிடம். 17.5-ஐ மேல்வரிசைக்கு ஏற்றி 18 மீட்டராகப் பார்த்தால் 56 நிமிடம்.

#3 சுறா_நிழல்

அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கையே உங்களுக்கு எதிராகத் திருப்புகிறேன். 22 மீட்டரில் அந்த 56 நிமிடத்தை யார் பயன்படுத்தப்போகிறார்கள்? நிமிடத்துக்கு 14 லிட்டர் இழுக்கும் நிதானமான ஆளுக்கே அங்கே 44.8 லிட்டர் போகும். 1,665-ஐ வகுத்தால் 37 நிமிடம். காற்றின் நோ-டெகோவும் 37. ஆக டேங்கும் அட்டவணையும் ஒரே நேரத்தில் முடிகின்றன. கூடுதல் 19 நிமிடம் காகிதத்தில்தான். புதிதாக டைவ் செய்பவர்கள் 20, 22 லிட்டர் இழுப்பார்கள். அவர்களுக்கு முதலில் தேவை எடைப்பட்டியைச் சரிசெய்வதும் நிதானமாக உதைப்பதும்.

#4 பார்_கணக்கு

முதல் டைவுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. அதனால்தான் புதுச்சேரி டெம்பிள் ரீஃப் மாதிரி 18 மீட்டர் இடத்தில், காலையில் இரண்டு டைவ் அடித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவருக்கு நான் நைட்ராக்ஸ் சொல்லமாட்டேன்.

ஆனால் லைவ்அபோர்ட் கணக்கு வேறு. ஒரு மணி நேர இடைவெளியில் முதல் டைவின் நைட்ரஜன் முழுதாக வெளியேறாது. மெதுவாக நிறைந்து மெதுவாகக் காலியாகும் திசுக்கள் நாளுக்கு நாள் மிச்சம் வைக்கும். மூன்றாவது டைவில் காற்றுக்காரரின் டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் பார்த்து நைட்ரஜன் கணக்கு வைக்கும் கருவி) 20 மீட்டரிலேயே நிமிடங்களை வேகமாகத் தின்னும். டேங்கில் 110 பார் இருக்கும்போதே மேலே வரச் சொல்லும். நைட்ராக்ஸ்காரர் அதே இடத்தில் டேங்க் முடியும்வரை இருப்பார். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை. 32 சதவீதத்தில் அங்கே ஆக்சிஜன் அழுத்தம் 1.28. அந்த ஊர் விதிக்கும் இந்தக் கலவைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருத்தம்.

#5 மட்டு_அலை

நான் மட்டக்களப்புப் பக்கக் கடலை வைச்சுச் சொல்லுறன், ஏனென்டால் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது இரண்டு கப்பலில் அப்பட்டமாக விளங்கும். இரண்டும் 1942 ஏப்ரல் 9, ஒரே நாளில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கினவை.

பாசிக்குடாவுக்கு அப்பால் கிடக்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க்கப்பல் சுமார் 24 மீட்டரில். காற்றென்றால் அட்டவணையில் 25 மீட்டர் வரிசை, 29 நிமிடம். 32 சதவீதத்தில் ஈடான காற்று ஆழம் 19.3 மீட்டர், 20 மீட்டர் வரிசை, 45 நிமிடம். 36 சதவீதத்தில் 17.5 மீட்டர், 56 நிமிடம். அப்போதும் ஒட்சிசன் அழுத்தம் 1.22 தான். 15 லீட்டர் டேங்கோடு போகிறவர் அந்த நேரத்தை உண்மையாகவே அனுபவிக்கலாம்.

எச்எம்எஸ் ஹெர்மிஸ் விமானந்தாங்கி சுமார் 53 மீட்டரில். அங்கே 32 சதவீதத்தைச் சுவாசித்தால் 6.3 பெருக்கல் 0.32, அதாவது 2.02 பார். அது டைவ் இல்லை, வலிப்பை வரவழைக்கிற வேலை. 1.4க்குள் நிற்க வேண்டுமென்றால் ஆகக்கூடியது 22 சதவீதம், கிட்டத்தட்ட வெறும் காற்று. அந்தக் கப்பலில் நைட்ராக்ஸுக்கு இருக்கிற இடம் மேலே வரும்போதுதான்: 50 சதவீதக் கலவையைத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டரில் (வாயில் வைத்துச் சுவாசிக்கிற கருவி) கொண்டுபோய், 21 மீட்டரில் மாறி, டெகோ நேரத்தை, அதாவது நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்கிற நேரத்தை, குறைக்கிறது. அந்தச் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தவறுதலாக அடியில் வாயில் வைத்தால் 3.15 பார். அதனால்தான் டெகோ சிலிண்டரின் பக்கவாட்டில் ஆழ எண்ணைக் கையளவு பெரிசாக எழுதி, வாயில் வைக்க முதல் கூட்டாளிக்கு அதைக் காட்டுகிற பழக்கம்.

#6 கடற்பாசி_புதுவை

நன்றி அண்ணா, அந்த இரண்டு கப்பல் கணக்கில் தெளிவாகப் புரிந்தது. நைட்ரஜன் குறைவென்றால் ஆழத்தில் நைட்ரஜனால் வரும் மயக்கமும் குறையுமா? வலிப்பு என்றீர்களே, அது எவ்வளவு நேரம் இருந்தால் வரும்?

#7 அக்குவா_மருத்துவர்

மயக்கம் குறையும் என்று நம்ப வேண்டாம். கொழுப்பில் ஆக்சிஜன் நைட்ரஜனைவிட அதிகமாகவே கரைகிறது. மயக்கக் கணக்குப் போடும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் வழக்கம்.

வலிப்புக்கு "இத்தனை நிமிடம்" என்று கோடு கிழிக்க முடியாது. நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் அட்டவணை 1.6 பாரில் ஒரு டைவுக்கு 45 நிமிடம், 1.4-இல் 150 நிமிடம், 1.2-இல் 210, 1.0-இல் 300 என்று வைக்கிறது. இதைச் சதவீதமாக மாற்றித்தான் கம்ப்யூட்டர் சிஎன்எஸ் (மத்திய நரம்பு மண்டல) கடிகாரம் காட்டுகிறது. 22 மீட்டரில் 32 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 20 சொச்சம் சதவீதம். மேற்பரப்பில் 90 நிமிடம் இருந்தால் பாதியாகக் குறையும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நான்கு டைவ் அடித்தாலும் நீங்கள் எல்லையைத் தொடுவது அரிது.

பயப்பட வேண்டியது கூட்டுத்தொகைக்கு இல்லை, திடீர் ஆழத்துக்கு. இரண்டாம் உலகப்போரில் கென்னத் டொனால்ட் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த சோதனைகளில் தெரிந்தது இதுதான்: ஒரே ஆளுக்கு ஒரே அழுத்தத்தில் ஒரு நாள் ஒன்றும் ஆகாது, இன்னொரு நாள் சில நிமிடத்தில் வலிப்பு வரும். நேற்று தாங்கியது இன்று தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கரியமில வாயு சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். மாலத்தீவு கால்வாய்களில் கீழிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டி, மூச்சிரைக்க உதைத்துக்கொண்டே 38 மீட்டர் போனவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆழம், உழைப்பு, கரியமில வாயு மூன்றும் ஒன்றாகக் கூடுகின்றன. டேங்கில் காற்று மிச்சம் பிடிக்க மூச்சை அடக்கி அடக்கி விடுபவர்களுக்கும் இதே ஆபத்து.

கண்ணில் குறுகல், காதில் இரைச்சல், குமட்டல், உதட்டுத் துடிப்பு, எரிச்சல், தலைசுற்றல் என்று அறிகுறிப் பட்டியல் மனப்பாடம் செய்வார்கள். பல நேரம் ஒன்றுமே தெரியாமல் நேராக வலிப்பு வரும். வலிப்பு தானாக நின்றுவிடும், ஆளைக் கொல்வது அதுவல்ல. வாயிலிருந்து ரெகுலேட்டர் விழுந்து தண்ணீரில் மூழ்குவதுதான் கொல்கிறது. கூட்டாளி செய்ய வேண்டியது: ரெகுலேட்டர் வாயில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உதறல் அடங்கும்வரை அதே ஆழத்தில் நிறுத்தி, பிறகு மேலே ஏற்றுவது. வாயில் இல்லை என்றால் காத்திருக்காமல் உடனே ஏற்றுவது.

#8 கம்ப்ரசர்_குமார்

காசு பற்றி யாரும் பேசவில்லையே. ஃபில் (டேங்க் நிரப்புவது) ஒன்றுக்கு ஏன் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதற்குக் கடைப்பக்கக் கணக்கு சொல்கிறேன்.

பகுதி அழுத்த முறையில், காலி டேங்கில் முதலில் சுத்த ஆக்சிஜன், மேலே காற்று. 200 பாருக்கு 32 சதவீதம் வேண்டும் என்றால் 0.32-இலிருந்து 0.21 கழித்து, 0.79-ஆல் வகுத்து, 200-ஆல் பெருக்கினால் 27.8 பார் ஆக்சிஜன். 36-க்கு 38 பார். அலுமினியம் 80-இல் 27.8 பார் என்பது 309 லிட்டர். நம்மூர் ஜம்போ ஆக்சிஜன் சிலிண்டர் 47 லிட்டர், 150 பார், 7 கன மீட்டர். கூட்டிக் கழித்தால் ஒரு ஜம்போவில் 22 டேங்க் வரும்.

#9 பார்_கணக்கு

வராது குமார். ஜம்போவின் அழுத்தம் 28 பாருக்குக் கீழே போனதும் அது டேங்குக்குள் பாயாது. ஒரு டேங்குக்கு 6.6 பார் இறங்குகிறது என்றால் 150-இலிருந்து 28 வரை 18 டேங்க். மீதி 1,300 லிட்டர் அப்படியே கம்பெனிக்குத் திரும்பிப் போகும். அதுவும் டேங்க் முழுக் காலியாக வந்தால்தான். டைவர் 50 பார் மிச்சத்தோடு கொண்டுவந்தால் ஆக்சிஜனை 50-இலிருந்து 71 பார் வரை ஏற்ற வேண்டும். அதாவது ஜம்போ 71-க்குக் கீழே உதவாது. பூஸ்டர் (ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டும் பம்ப்) இல்லாத கடைகள் நல்ல நைட்ராக்ஸைத் திறந்து வெளியே விட்டுவிட்டுக் காலியிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

#10 கம்ப்ரசர்_குமார்

ஒத்துக்கொள்கிறேன், பூஸ்டர் உள்ள இடத்தை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். இன்னும் இருக்கிறது. ஆக்சிஜனை வேகமாகத் திறக்கக்கூடாது, நிமிடத்துக்கு 5 பார் அளவில்தான். குப்பென்று அழுத்தினால் குழாய் முனையில் வாயு சுருங்கிச் சூடேறும், ஒரு துளி எண்ணெயோ தூசியோ இருந்தால் பற்றிக்கொள்ளும். சட்டென்று திறக்கும் பந்து வால்வு (ball valve) வைக்கவே கூடாது, மெதுவாகத் திறக்கும் ஊசி வால்வுதான். டேங்க் ஒன்றுக்கு ஆக்சிஜனுக்கு மட்டும் ஆறு நிமிடம், இருபது டேங்க் என்றால் இரண்டு மணி நேரம் ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

அவசரப்பட்டால் கலவையும் கெடும். சூட்டில் கேஜ் 28 காட்டும், ஆறினால் 26தான் இருக்கும். மேலே காற்றடித்து முடித்தால் 32-க்குப் பதில் 31.3. அது பரவாயில்லை. கேஜ் ஒரு பார் பிசகினால் 0.4 சதவீதம் என்று நினைவில் வைத்தால் போதும்.

மேலே ஊற்றும் காற்றும் சாதாரணக் காற்று ஆகாது. அமெரிக்க மூச்சுக்காற்றுத் தரத்தில் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் எண்ணெய் வரை விடுகிறார்கள். ஆக்சிஜனோடு சேரும் காற்றில் 0.1 தான். கூடுதல் ஃபில்டர், அதை அடிக்கடி மாற்றும் செலவு. டேங்க், வால்வு இரண்டையும் ஆக்சிஜனுக்காகக் கழுவி, சாதாரண சிலிக்கோன் கிரீஸை எடுத்துவிட்டு, கிறிஸ்டோ-லூப் மாதிரி ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸ் போட வேண்டும்.

மெம்பிரேன் வைத்த படகில் இந்தச் சள்ளை இல்லை. குறைந்த அழுத்தக் காற்றை நுண்குழாய்க் கட்டுக்குள் தள்ளுவார்கள். ஆக்சிஜன் குழாய்ச் சுவர் வழியாக வேகமாகக் கசியும், நைட்ரஜன் பின்தங்கி வெளியே போகும். கசிந்ததைக் காற்றோடு கலந்து மெயின் கம்ப்ரசர் இழுத்துக்கொள்ளும். சுத்த ஆக்சிஜனே இல்லை, 40 சதவீதத்துக்கு மேல் போகவும் போகாது. மாலத்தீவுப் படகுகள் "இலவசம்" என்று தாராளம் காட்டுவதன் ரகசியம் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். முதல் போட்டபின் டீசல் செலவுதான்.

#11 சுறா_நிழல்

என் ரெகுலேட்டரைக் கழுவ வேண்டுமா? ஒரு கடையில் கட்டாயம் என்கிறார்கள், இன்னொன்றில் சிரிக்கிறார்கள்.

#12 கம்ப்ரசர்_குமார்

40 சதவீதம் வரை, ஏற்கெனவே கலந்து வரும் வாயு என்றால் சாதாரண ரெகுலேட்டர் போதும் என்பது பொழுதுபோக்கு டைவிங்கில் பரவலான நடைமுறை. தொழிற்துறை வாயு அமைப்புகள் 23.5 சதவீதத்திலேயே கோடு போடுகின்றன. ஐரோப்பாவில் நைட்ராக்ஸுக்குத் தனி மரை, எம்26. அங்கே போனால் உங்கள் ரெகுலேட்டர் மாட்டாமல் போகலாம். முதலில் உங்கள் ரெகுலேட்டரின் கையேட்டைப் பாருங்கள், தயாரிப்பாளர் சொன்ன எல்லைதான் முடிவு. ரெகுலேட்டரின் முதல் நிலை (டேங்கில் மாட்டும் பகுதி) டைட்டானியம் என்றால் 40-க்கு மேல் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அந்த உலோகம் ஆக்சிஜனில் எளிதாகப் பற்றும்.

ஆனால் டேங்க் வேறு கதை. பகுதி அழுத்த முறையில் டேங்குக்குள் கொஞ்ச நேரம் 100 சதவீத ஆக்சிஜன் இருக்கிறது. கடைசியில் 32 என்பதால் "நாற்பதுக்குள்தானே" என்று வாதாடக்கூடாது. எண்ணெய் ஃபில்டர் சரியில்லாத கடையில் ஒரு தடவை காற்றடித்தாலே அந்த டேங்கின் கழுவல் வீண்.

#13 நீலத்திமிங்கலம்

இத்தனை கவலை எதற்கு, நைட்ராக்ஸ் டேங்கை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் காற்று என்றே விட்டுவிட்டால் இரட்டைப் பாதுகாப்பு ஆயிற்றே.

#14 பார்_கணக்கு

நைட்ரஜன் பக்கம் பாதுகாப்பு, உண்மைதான். ஆக்சிஜன் பக்கம் கம்ப்யூட்டர் குருடு. 35 மீட்டரில் அது வாய் திறக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் நீங்கள் 21 சதவீதத்தில் இருக்கிறீர்கள். என் கருத்து: கலவையைச் சரியாகப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் பாதுகாப்பு அளவை ஒரு படி கூட்டுங்கள். அப்போது இரண்டு பக்கமும் கண் இருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறுதான் ஆளை டெகோ சேம்பருக்கு (நைட்ரஜன் குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை) அனுப்பும். நேற்றைய 32 கம்ப்யூட்டரில் அப்படியே இருக்க, இன்றைய டேங்கில் வெறும் காற்று. படகுப் பையன் மெம்பிரேனைப் போட மறந்திருக்கலாம், பாதி தீர்ந்த டேங்கில் காற்றை மட்டும் நிரப்பியிருக்கலாம். 60 பார் 32-இன் மேல் 140 பார் காற்று விழுந்தால் 24.3 சதவீதம். கம்ப்யூட்டர் காட்டும் நிமிடங்கள் பொய். ஒவ்வொரு டேங்கையும் அதை மாட்டுகிறவரே அளக்க வேண்டும் என்ற விதி இதற்குத்தான்.

1979-இல் நோவா தன் கையேட்டில் 32 சதவீதத்தைச் சேர்த்தது. 1985-இல் நோவாவின் முன்னாள் டைவிங் அதிகாரி டிக் ருட்கோவ்ஸ்கி அதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க ஆரம்பித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதை "வூடூ கேஸ்" (மாந்திரீக வாயு) என்று திட்டியவர்கள் பயந்ததில் பாதி, இந்த அளக்காத பழக்கத்தைப் பற்றித்தான்.

#15 மட்டு_அலை

அளவைப் பற்றி ஒரு சின்ன விஷயம். எங்கட கடற்கரை ஈரப்பதத்தில் அனலைசரை (ஒட்சிசன் அளக்கிற கருவி) வெளிக்காற்றில் 20.9க்கு வைத்தால் பிழை வரும். 32 பாகை வெப்பம், 75 வீத ஈரப்பதம் என்றால் காற்றில் கிட்டத்தட்ட 3.5 வீதம் நீராவி. உண்மையான ஒட்சிசன் 20.2 தான். அதை 20.9 என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, காய்ந்த டேங்க் வாயுவை அளந்தால் 32 இருக்கிறது 33 என்று காட்டும். ஆழ எல்லைக்கு அது பாதுகாப்பான பக்கம், நோ-டெகோவுக்கு ஆபத்தான பக்கம். வெறும் காற்று நிரப்பின டேங்க் ஒன்றைத் திறந்து, அந்தக் காய்ந்த காற்றில் சரிசெய்தால் பிரச்சினை முடிஞ்சுது.

சென்சர் ஒரு வகை மின்கலம், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இரண்டு மூன்று வருஷத்தில் சாகும். சாகப்போகிற சென்சர் 20.9ஐ ஒழுங்காகக் காட்டும், மேலே போகப்போகத் தடுமாறும். எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த அனலைசரை நம்பாதீர்கள்.

#16 கடற்பாசி_புதுவை

சரி, கோர்ஸ் எடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று: அனலைசர் 31.4 காட்டுகிறது என்று வையுங்கள். கம்ப்யூட்டரில் முழு எண்தான் போட முடியும். டேங்கில் ஒட்டும் டேப்பில் என்ன எழுதுவது?

#17 அக்குவா_மருத்துவர்

கம்ப்யூட்டரில் 31. நோ-டெகோ கொஞ்சம் குறைத்துக் காட்டும், நல்லது. 31 என்று போட்டால் ஆழ எல்லையை அது 35 என்று காட்டும். உங்கள் உண்மையான எல்லை 34.5, எனவே டேப்பில் 34 என்று எழுதுங்கள். டேப்பில் நான்கு விஷயம்: 31.4, 34 மீட்டர், தேதி, உங்கள் முதலெழுத்து. டேங்கின் கழுத்துப் பக்கம் ஒட்டுங்கள், பக்கவாட்டில் ஒட்டினால் பிசிடி (டேங்க் மாட்டும் மிதவைச் சட்டை) பட்டை உரசிக் கிழிக்கும். பழைய டேப்பை உரித்த பிறகுதான் புதியது. படகின் பதிவேட்டிலும் அதே எண்களை எழுதிக் கையெழுத்து.

#18 கம்ப்ரசர்_குமார்

அளக்கும்போது வால்வை முழுக்கத் திறக்காதீர்கள். இருபது பேர் ஒரு அனலைசருக்கு வரிசையில் நிற்கும்போது எல்லோரும் செய்வது அதுதான். நிமிடத்துக்கு ஒன்று இரண்டு லிட்டர் அளவுக்கு, கன்னத்தில் லேசாகத் தெரிகிற காற்று போதும். பலமாக அடித்தால் சென்சர் முகத்தில் அழுத்தம் கூடி எண் ஏறும், 32 இருப்பது 34 ஆகத் தெரியும். எண் நிற்கும்வரை பிடித்திருங்கள், நின்றபிறகு வாசியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.